டிஸ்க் நிரம்பிய மைன்கிராஃப்ட் சர்வரும் பாதியில் நின்ற அப்டேட்டும்

கேள்வி: கல்லூரி நண்பர்கள் முப்பது பேர் விளையாட, மாத வாடகைக்கு ஒரு விபிஎஸ் (இணையத்தில் இயங்கும் மெய்நிகர் கணினி) எடுத்து இரண்டு வருடமாக மைன்கிராஃப்ட் ஜாவா சர்வர் நடத்துகிறேன். சர்வர் மென்பொருள் பேப்பர் 1.20.4, டிஸ்க் 80 ஜிபி. உலகம் 14 ஜிபி வந்துவிட்டது. தினமும் அதை ஜிப் செய்து அதே டிஸ்க்கில் கடைசி மூன்று நாள் ஜிப்புகளை வைத்திருந்தேன். போன வாரம் 'இடமில்லை' என்ற பிழை வர ஆரம்பித்தது. ஜிப்புகளை அழித்தேன். இப்போது 30 ஜிபிக்கு மேல் காலி என்று காட்டுகிறது, ஆனால் பிழை போகவில்லை. ஒரு நண்பன் பெட்டியிலிருந்து எடுத்த வைரங்கள் மறுநாள் அவன் கையிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை. இதற்கு நடுவில் எல்லோரும் கேட்டார்கள் என்று 1.21.4 ஜாரைப் (சர்வரின் புரோகிராம் ஃபைலை) போட்டுப் பார்த்தேன். 65.0, 61.0 என்று ஏதோ சொல்லிவிட்டு சர்வர் எழவே இல்லை. பழைய ஜாரைத் திரும்பப் போட்டதும் ஓடுகிறது. இடத்தை எப்படிக் காலி செய்வது? அப்டேட்டை எப்படிச் செய்வது? உலகம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் சர்வரை நிறுத்துங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம். வைரம் காணாமல் போனது, நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய அறிகுறி. இன்னும் ஓடவிட்டால் தினம் ஒருவருக்கு ஏதாவது போகும்.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். லினக்ஸில் ஒரு டிஸ்க் இரண்டு விதமாக நிரம்பும். ஒன்று, ஜிபி கணக்கில் இடம் தீர்வது. இன்னொன்று, ஐநோட் தீர்வது. ஒவ்வொரு ஃபைலுக்கும், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும், ஒரு ஐநோட் (ஃபைலின் விவரத்தை வைக்கும் பதிவு) வேண்டும். லினக்ஸில் வழக்கமாக இருக்கும் ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தை ஃபார்மேட் செய்யும்போதே மொத்த எண்ணிக்கை முடிவாகிவிடும். வழக்கமான அமைப்பில் 16 கேபிக்கு ஒன்று என்ற கணக்கு, அதாவது உங்கள் 80 ஜிபி டிஸ்க்கில் ஏறத்தாழ 50 லட்சம். அது தீர்ந்துவிட்டால் எத்தனை ஜிபி காலியாக இருந்தாலும் புதிதாக ஒரு ஃபைல்கூட உருவாகாது. பிழைச் செய்தி மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான், அதனால்தான் குழப்பம். மூன்று ஜிப்புகளை அழித்ததில் உங்களுக்குக் கிடைத்தது 40 ஜிபியும் மூன்றே மூன்று ஐநோட்டும்.

இப்போது வைரத்துக்கு வருவோம். பெட்டி இருப்பது, நிலத்தைச் சேமித்து வைக்கும் ரீஜியன் ஃபைலில். அது ஏற்கெனவே இருக்கிற ஃபைல், அதன் உள்ளேயே திருத்தி எழுத முடியும். அதனால் 'பெட்டி காலி' என்பது ஒழுங்காகப் பதிவாகிவிட்டது. ஆனால் விளையாடுபவரின் கையிருப்பை மைன்கிராஃப்ட் அப்படி எழுதுவதில்லை. முதலில் ஒரு தற்காலிக ஃபைலில் எழுதி, சரியாக முடிந்த பிறகுதான் பழையதன் இடத்தில் அதை வைக்கும். புது ஃபைல் உருவாக்க ஐநோட் இல்லை, அதனால் கையிருப்பு பழைய நிலையிலேயே நின்றுவிட்டது. வைரம் பெட்டியிலும் இல்லை, கையிலும் இல்லை. உங்கள் லாக்கில் அந்த நேரத்தைத் தேடினால் ப்ளேயர் டேட்டாவைச் சேமிக்க முடியவில்லை என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும். நண்பனுக்கு அந்த வைரங்களை நீங்களே கொடுத்துவிடுங்கள், அவன் மேல் தப்பு இல்லை.

'டிஎஃப்' கட்டளையோடு சின்ன ஐ எழுத்தைச் சேர்த்து (df -i) கொடுத்தால் ஐநோட் எவ்வளவு செலவாகியிருக்கிறது என்று தெரியும். 100 சதவீதம் என்று காட்டும் என்பது என் ஊகம். காரணம் யார்? உங்கள் கடிதத்தில் பிளகின் (சர்வரோடு சேர்க்கும் கூடுதல் மென்பொருள்) பட்டியல் இல்லை. ஆனால் பிரவுசரில் உலக வரைபடம் காட்டும் டைன்மேப் மாதிரி ஏதாவது வைத்திருந்தால், முதல் சந்தேகம் அதன் மேல்தான். உலகத்தைச் சின்னச் சின்னப் படங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனி ஃபைலாக 'டைல்ஸ்' ஃபோல்டரில் போட்டுவைக்கும். 14 ஜிபி உலகத்துக்கு, பல கோணங்களில், பல ஜூம் அளவுகளில் படம் எடுத்தால் லட்சக்கணக்கில் சேரும். அந்த ஃபோல்டரை எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) வழியாக உள்ளே போய் அழியுங்கள். பேனலின் ஃபைல் மேனேஜரில் திறந்தால் அது பட்டியல் போடவே திணறும். அழிப்பதற்கும் நேரம் ஆகும், நடுவில் நிறுத்த வேண்டாம். வரைபடம் போய்விட்டதே என்று வருத்தப்படத் தேவையில்லை, உலகம் இருக்கிறவரை அதைத் திரும்ப வரைந்துகொள்ளலாம். அடுத்த முறை டைல்களைத் தனி ஃபைலாக இல்லாமல் டேட்டாபேஸில் வைக்கும்படி டைன்மேப்பில் மாற்றிவிடுங்கள். உயர் தெளிவுப் படம் உங்களுக்கு உண்மையில் தேவையா என்றும் யோசியுங்கள்.

சர்வரில் எந்த ஃபைலைப் பார்த்தாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது போனால் எங்கிருந்து திரும்ப வரும்? பேப்பர் ஜார், ஜாவா, லைப்ரரி, பிளகின் ஜார் எல்லாம் இணையத்திலிருந்து வரும். வரைபட டைல்கள் உலகத்திலிருந்து வரும். பழைய லாக் திரும்ப வராது, வரவும் வேண்டாம், ஒரு மாதத்துக்கு மேல் ஆனவற்றை அழித்துவிடலாம். எங்கிருந்தும் வராதவை கொஞ்சம்தான்: மூன்று உலக ஃபோல்டர்கள் (ஓவர்வேர்ல்ட், நெதர், எண்ட் மூன்றையும் உங்கள் பேப்பர் தனித்தனியாக வைத்திருக்கும்), பிளகின்களின் அமைப்புகளும் டேட்டாபேஸ்களும், வைட்லிஸ்ட் (உள்ளே விடப்படுபவர்கள்), ஆப் பட்டியல் (நிர்வாகிகள்), சர்வரின் ப்ராப்பர்ட்டீஸ் ஃபைல். பேக்கப் எடுக்க வேண்டியது இவ்வளவுதான். நீங்கள் முழு ஃபோல்டரையும் ஜிப் செய்கிறீர்களா, உலகத்தை மட்டுமா என்று பாருங்கள். உலகத்தை மட்டும் என்றால் பெர்மிஷன்களும் வீட்டு இடங்களும் பேக்கப்பில் இல்லை.

பிளகின் டேட்டாபேஸ் என்றதும் கோர்ப்ரொடெக்ட் ஞாபகம் வருகிறது. யார் எந்தக் கட்டையை உடைத்தார்கள் என்று எழுதிவைப்பது அதன் வேலை. இரண்டு வருடமாக ஒரு முறைகூடச் சுத்தம் செய்யவில்லை என்றால் அந்த ஒரு டேட்டாபேஸ் ஃபைலே பல ஜிபி இருக்கலாம். பர்ஜ் கட்டளையில் நாட்களைக் கொடுத்துப் பழையதை நீக்கலாம். மூன்று மாதத்துக்கு முந்தைய கட்டை உடைப்புச் சண்டையை இனி யாரும் பஞ்சாயத்துக்குக் கொண்டுவரப் போவதில்லை.

சரி, உலகம் ஏன் 14 ஜிபி ஆனது? யாரோ எலைட்ரா என்ற இறக்கையை மாட்டிக்கொண்டு பறந்திருக்கிறார்கள். மைன்கிராஃப்ட் உலகம் 16க்கு 16 பிளாக் கொண்ட சங்க்குகளாக உருவாகிறது, ஆள் பக்கத்தில் போனாலே உருவாகிவிடும். ஒரு ரீஜியன் ஃபைலில் 32க்கு 32 சங்க்குகள், அதாவது 512க்கு 512 பிளாக் நிலம். ஒருவன் ஒரே திசையில் ஒரு மணி நேரம் பறந்தால், இனி யாரும் மிதிக்கப் போகாத நிலம் வழி நெடுக உங்கள் டிஸ்க்கில் எழுதப்படும். எல்லை எதுவும் போடாவிட்டால் உலகம் ஆறு கோடி பிளாக் அகலம் வரை போகும். முப்பது பேருக்கு, நடுவிலிருந்து நாலு பக்கமும் 5,000 பிளாக் தூரத்தில் வேர்ல்ட் பார்டர் போட்டால் ஓவர்வேர்ல்டுக்கு 400 ரீஜியன் ஃபைல்கள்தான். ஃபைலுக்கு 8 எம்பி என்று தாராளமாக வைத்தாலும் 3.2 ஜிபி. அது பத்தாது என்று நண்பர்கள் சொன்னால் 7,500 வையுங்கள், ஆனால் ஏதாவது ஒரு எல்லை கட்டாயம் வேண்டும். பின்னால் பெரிதாக்குவது சுலபம், சுருக்குவதுதான் கஷ்டம். எல்லைக்கு வெளியே யார் வீடு கட்டியிருக்கிறார்கள் என்று முன்பே விசாரித்துவிடுங்கள்.

ஏற்கெனவே எழுதப்பட்ட வெற்று நிலத்தை வெட்டி எடுக்க எம்சிஏ செலக்டர் என்ற இலவசக் கருவி இருக்கிறது. ஒவ்வொரு சங்க்கும் தன் அருகில் ஆட்கள் இருந்த மொத்த நேரத்தைத் தனக்குள் எழுதிவைத்திருக்கும், 'இன்ஹாபிட்டட் டைம்' என்று பெயர். நொடிக்கு 20 டிக் என்ற கணக்கில் அது ஏறும். 6,000 டிக், அதாவது ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக ஆள் இருந்த சங்க்குகளைத் தேர்ந்தெடுத்து நீக்கினால், பறந்து போன வழியெல்லாம் போய்விடும், ஊர்கள் அப்படியே இருக்கும். இதைச் சர்வரில் செய்யாதீர்கள். உலகத்தை உங்கள் கணினிக்கு இறக்கி, அந்த நகலில் செய்யுங்கள். நீக்குவதற்கு முன் கருவி காட்டும் வரைபடத்தில் தேர்வானவற்றைக் கண்ணால் பாருங்கள். நீண்ட ரயில் பாதை, நெதர் சாலை, தூரத்தில் யாரோ ஒளித்துவைத்த பெட்டி இவைதான் மாட்டும். ஆட்கள் ரயிலில் கடந்து போயிருப்பார்களே தவிர அங்கே நின்றிருக்க மாட்டார்கள், அதனால் நேரம் குறைவாக இருக்கும். அவற்றைக் கையால் தேர்விலிருந்து விலக்குங்கள். எக்ஸ்ப்ளோரரில் ரீஜியன் ஃபைல்களை நேரடியாக அழிக்கும் வேலை மட்டும் வேண்டாம். 1.17லிருந்து உயிரினங்கள் 'என்டிடீஸ்' ஃபோல்டரில் தனியாக இருக்கின்றன, கிராமத்தவரின் படுக்கை, வேலையிடம் முதலியவை 'பிஓஐ' ஃபோல்டரில். மூன்றும் சேர்ந்து போக வேண்டும், கருவி அதைப் பார்த்துக்கொள்ளும்.

இந்த வெட்டும் வேலையை அப்டேட்டுக்கு முன்னால் செய்வதில் ஒரு லாபம் இருக்கிறது. 1.21ல் வந்த ட்ரையல் சேம்பரும் (நிலத்தடி அறைகள்) 1.21.4ல் வந்த பேல் கார்டனும் (வெளிறிய காடு) புதிதாக உருவாகும் சங்க்குகளில்தான் வரும். வெட்டிய நிலம் புதுப் பதிப்பில் திரும்ப உருவாகும்போது அவை உங்கள் ஊருக்கு ஓரளவு பக்கத்திலேயே கிடைக்கும். எல்லை போட்டால் புது இடம் இல்லை என்று புலம்புகிற நண்பர்களுக்கு இதுதான் பதில்.

இனி அப்டேட். 65.0, 61.0 என்ற பிழைக்கு அர்த்தம் எளிது. மைன்கிராஃப்ட் 1.20.5லிருந்து ஜாவா 21 வேண்டும். அதன் கிளாஸ் ஃபைல் (தொகுத்த கோட்) பதிப்பு எண் 65. உங்கள் சர்வரில் இருப்பது ஜாவா 17, அதற்கு 61 வரைதான் படிக்கத் தெரியும். அதனால் எழவில்லை. உங்களுக்கு இது ஒரு தொல்லையாகத் தெரிந்திருக்கும், ஆனால் உங்கள் உலகம் தப்பியதே இந்தப் பிழையால்தான். ஜாவா 21 இருந்திருந்தால் சர்வர் எழுந்திருக்கும், ஆட்கள் நுழைந்திருப்பார்கள், அவர்கள் கால் பட்ட சங்க்கெல்லாம் புது வடிவத்துக்கு மாறியிருக்கும். ஒவ்வொரு சங்க்கிலும் ஒரு டேட்டா வெர்ஷன் எண் இருக்கிறது. 1.20.4க்கு அது 3700, 1.21.4க்கு 4189. 3700லிருந்து 4189க்கு மாற்றும் வழியை மைன்கிராஃப்ட்டை உருவாக்கிய மோஜாங் எழுதியிருக்கிறது, திரும்பி வரும் வழியை எழுதவில்லை. பிறகு பிளகின் ஓடவில்லை என்று பழைய ஜாரைப் போட்டிருந்தால், புது எண் உள்ள சங்க்கைப் பார்த்ததும் பேப்பர் நின்றிருக்கும். அப்போது உங்கள் கையில் பேக்கப்பும் இருந்திருக்காது, ஏனென்றால் ஜிப்புகளை அழித்துவிட்டீர்கள்.

ஆகவே 'அப்டேட்' என்பதை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஒரே பதிப்புக்குள்ளேயே பேப்பரின் புது பில்ட் (திருத்திய வெளியீடு) வருவது ஒன்று. அதில் டேட்டா வெர்ஷன் மாறாது, திருத்தங்கள்தான் இருக்கும், பெரும்பாலும் பயமில்லாமல் போடலாம். பாதுகாப்புத் திருத்தம் என்றால் அன்றைக்கே போட வேண்டும். 2021 டிசம்பரில் வெளிவந்த லாக்4ஷெல் ஓட்டையை ஞாபகப்படுத்துகிறேன். சாட்டில் ஒரு வரி டைப் செய்தே சர்வரில் தன் கோடை ஓடவைக்க முடிந்தது. டிசம்பர் 10ஆம் தேதியே மோஜாங் 1.18.1ஐ வெளியிட்டது. 'ஓடுகிறதைத் தொடாதே' என்று வருடக்கணக்கில் இருப்பவர்களுக்கு அந்த வாரம் கஷ்டமான வாரம்.

1.20.4லிருந்து 1.21.4க்குத் தாவுவது வேறு விஷயம். இதில் அவசரம் காட்டவே கூடாது. நண்பர்கள் புது கிளையன்ட்டில் (தங்கள் கணினியில் ஓடும் விளையாட்டில்) இருப்பதுதான் பிரச்சினை என்றால் வயாவெர்ஷன் பிளகின் போடுங்கள், பழைய சர்வருக்குள் புது கிளையன்ட்டோடு வரலாம். அதற்குள் உங்கள் பிளகின்கள் தயாரா என்று பார்த்துக்கொள்ளலாம். 1.20.5ல் பொருட்களின் தகவலை மைன்கிராஃப்ட் சேமிக்கும் முறையே மாறியது. பேப்பரும் அதே சமயத்தில் தன் கோடின் உள் பேக்கேஜ் பெயர்களில் பதிப்பு எண் போடுவதை நிறுத்தியது. அந்தப் பெயர்களை நேரடியாகத் தொட்ட பழைய பிளகின்கள், கிளாஸ் கிடைக்கவில்லை என்று சொல்லி விழுந்துவிடும். லக்பெர்ம்ஸ், எசென்ஷியல்ஸ்எக்ஸ், வேர்ல்ட்எடிட் போன்ற பிரபல பிளகின்களுக்குப் புதுப் பதிப்புகள் இருக்கின்றன. சிக்கல் தருவது யாரோ ஒருவர் எழுதி, இரண்டு வருடமாகக் கை வைக்காமல் விட்ட சின்ன பிளகின்கள்தான். அவற்றில் எது இல்லாமல் வாழ முடியும் என்று நண்பர்களோடு இப்போதே பேசி முடிவெடுங்கள்.

தாவும் நாளில் முதலில் ஜாவா 21ஐ 17க்குப் பக்கத்திலேயே நிறுவுங்கள், 17ஐ எடுக்க வேண்டாம். எந்த ஜாவா என்று முழுப் பாதையோடு ஸ்டார்ட் ஸ்கிரிப்ட்டில் எழுதினால் இரண்டும் சண்டையில்லாமல் இருக்கும். வெட்டி முடித்த உலகத்தின் நகலை வேறு ஃபோல்டரில் வைத்து, போர்ட்டை 25565க்குப் பதில் 25566 ஆக்கி, வைட்லிஸ்ட்டில் உங்களை மட்டும் விட்டு, பிளகின் எதுவும் இல்லாமல் வெறும் பேப்பரை எழுப்புங்கள். லாக்கை முதல் வரியிலிருந்து படியுங்கள். உள்ளே போய் உங்கள் வீடு, பொதுக் களஞ்சியம், ரெட்ஸ்டோன் பண்ணைகள் எல்லாம் பாருங்கள். பிறகு பிளகின்களை ஒவ்வொன்றாகப் புதுப் பதிப்பில் சேர்த்து, ஒவ்வொரு முறையும் நிறுத்தி எழுப்புங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டுவிட்டு எது உடைத்தது என்று தேடுவது இதைவிட மோசம். சரியாக இருந்தால், அந்தச் சோதனை நகலையே உண்மையான சர்வராக ஆக்கிவிடாதீர்கள். இடைப்பட்ட நாட்களில் நண்பர்கள் பழைய உலகத்தில் கட்டியது அதில் இருக்காது. அறிவிப்புக் கொடுத்து, உண்மையான சர்வரை நிறுத்தி, பேக்கப் எடுத்து, அதே வேலையை அங்கே செய்யுங்கள்.

ரீஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் கடைசிப் பதிப்பைத் தானே இறக்கும் ஸ்கிரிப்ட்டுகள் கிடைக்கும். கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரி விளையாட்டுக்கு அது சரி. அங்கே கிளையன்ட் ஸ்டீம் வழியாகத் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், பழைய பதிப்பில் நிற்கும் சர்வருக்குள் யாரும் வர முடியாது, காப்பாற்ற உலகமும் கிடையாது. மைன்கிராஃப்ட்டில் தானியங்கிப் பதிப்புத் தாவல் வேண்டவே வேண்டாம்.

பேக்கப் விஷயத்தில் உங்கள் முறையை முழுதாக மாற்றச் சொல்வேன். அதே டிஸ்க்கில் இருப்பது பேக்கப் இல்லை, டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்து போகும். ரெஸ்டிக் என்ற கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபைல்களைத் துண்டுகளாக்கி, மாறிய துண்டுகளை மட்டும் வெளியிலுள்ள எஸ்3 வகை இணையச் சேமிப்பகத்துக்கோ இன்னொரு கணினிக்கோ அனுப்பும். முதல் நாள் முழுதும் போகும், மறுநாளிலிருந்து கொஞ்சம்தான். ஜிப் செய்து கொடுத்தால் இந்த லாபம் போய்விடும், ஃபோல்டரை அப்படியே கொடுங்கள். ரீஜியன் ஃபைல்கள் உள்ளுக்குள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, ஜிப்பால் பெரிதாக எதுவும் குறைவதில்லை. நாள்வாரி ஏழு, வாரவாரி நான்கு என்று வைத்துக்கொண்டு மீதியைத் தானாக நீக்கச் சொல்லலாம். ரெஸ்டிக் பாஸ்வேர்டைச் சர்வருக்கு வெளியே எழுதிவையுங்கள், அது இல்லாமல் பேக்கப்பைத் திறக்கவே முடியாது.

ஓடும் சர்வரில் நகல் எடுத்தால் பாதி எழுதிய ஃபைல் மாட்டும். அதற்கு சேவ்-ஆஃப் கட்டளை கொடுத்துத் தானாகச் சேமிப்பதை நிறுத்தி, சேவ்-ஆல் ஃப்ளஷ் கொடுத்து எல்லாவற்றையும் டிஸ்க்கில் எழுதவைத்து, நகல் எடுத்து, சேவ்-ஆன் கொடுத்துத் திரும்பச் சேமிக்கவைக்கும் வழி இருக்கிறது. ஆனால் ஸ்கிரிப்ட் நடுவில் செத்தால் சேவ்-ஆன் போகாது. அதற்கப்புறம் சர்வர் விழுந்தால் அதுவரை விளையாடியது எல்லாம் காற்றோடு போகும். உங்களைப் போன்ற நண்பர்கள் சர்வருக்கு விடியற்காலை ஐந்து மணிக்குச் சர்வரை நிறுத்தி, பேக்கப் எடுத்து, எழுப்பினால் போதும். கோர்ப்ரொடெக்ட் டேட்டாபேஸும் அந்த நேரத்தில் ஒழுங்காக நகலாகும்.

மாதம் ஒரு முறை பேக்கப்பிலிருந்து ஓவர்வேர்ல்ட் ஃபோல்டரை உங்கள் கணினியில் இறக்கி, அதே பதிப்பு மைன்கிராஃப்ட்டின் சேவ்ஸ் ஃபோல்டரில் போட்டு, தனியாகத் திறந்து பாருங்கள். உங்கள் ஊரில் நின்று பார்த்தால்தான் அது பேக்கப்.

சர்வரை ரூட் என்ற முழு அதிகாரக் கணக்கில் ஓட்டுகிறீர்கள் என்றால் அதையும் மாற்றுங்கள். ஈஎக்ஸ்டி4 வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கிவைக்கும். தனிக் கணக்கில் ஓடும் மைன்கிராஃப்ட்டால் அந்த 4 ஜிபியைத் தின்ன முடியாது, டிஸ்க் நிரம்பினாலும் நீங்கள் உள்ளே நுழைந்து சரிசெய்ய வழி இருக்கும். அப்படியே, இடமோ ஐநோட்டோ 80 சதவீதம் தாண்டினால் உங்கள் டிஸ்கார்டுக்குச் செய்தி அனுப்பும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை க்ரானில் (குறித்த நேரத்தில் தானாக வேலை ஓட்டும் வசதியில்) போட்டுவிடுங்கள். இரண்டையும் பார்க்க வேண்டும், இடத்தை மட்டும் பார்த்தால் இந்த வாரத்துக் கதைதான் திரும்ப வரும்.

இன்று செய்ய வேண்டியது: டைல்ஸை அழிப்பது, முழு உலகத்தையும் உங்கள் கணினிக்கு ஒரு நகல் இறக்குவது, அப்புறம்தான் சர்வரை எழுப்புவது. ரெஸ்டிக்கும் பார்டரும் இந்த வாரம். 1.21.4க்குத் தாவுவது சோதனை முடிகிற வரை காத்திருக்கலாம். தாவுவதற்கு முன் எடுக்கும் பேக்கப்புக்கு மட்டும் ரெஸ்டிக்கில் தனியாக ஒரு டேக் கொடுத்து, அந்த டேக் உள்ளதைத் தானாக நீக்காதபடி அமைத்துவிடுங்கள். புதுப் பதிப்பில் பண்ணைகளும் பிளகின்களும் ஒரு மாதம் ஒழுங்காக ஓடிய பிறகு அதையும் ஜாவா 17ஐயும் எடுத்துவிடலாம்.